உயர் இரத்த அழுத்தமும் தமிழகக் கிராமத்து முதியோரும்

உயர் இரத்த அழுத்தம் என்பது, இதயத்திலிருந்து வெளிப்படும் இரத்தம் தமனிகளின் சுவர்மீது இயல்பைவிட அதிகமான விசையைத் தொடர்ந்து செலுத்தும் நிலையாகும். ஓய்வாக அமர்ந்திருக்கும்போது, வெவ்வேறு நாள்களில் அளந்தும் மேல் அளவு 140 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல் இருந்தாலும், கீழ் அளவு 90 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அதை உயர் இரத்த அழுத்தம் எனப் பெரும்பாலான நாடுகளில் கொள்கின்றனர். (அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2017ஆம் ஆண்டில் இந்த எல்லையை 130/80 என்று குறைத்தன, இந்தியாவில் 140/90 என்பதே வழக்கில் உள்ளது.) உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் 128 கோடிப் பேருக்கு இந்த நிலை இருக்கிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தமக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தமிழகக் கிராமங்களைப் பொறுத்தவரை இந்நோயின் வரலாறு மருந்து கண்டுபிடித்த வரலாறு மட்டும் அன்று. பயனுள்ள மருந்துகள் 1950களிலேயே கிடைத்துவிட்டன, அவற்றில் ஒன்று இந்திய மண்ணில் விளையும் வேரிலிருந்து வந்தது, விலையும் மலிவு. ஆனால் கருவியும் மாதாந்திர மாத்திரையும் கிராமத்து முதியவரின் வீட்டு வாசலுக்கு அரசின் செலவில் மாநிலம் முழுவதும் வர 2021ஆம் ஆண்டு ஆயிற்று. இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் நடந்தவையும் நடக்காதவையுமே இக்கட்டுரையின் பொருள்.

பெயரில் உள்ள சிக்கல்

தமிழில் இந்நோய்க்கு நெடுநாளாக வழங்கிவரும் பெயர் 'இரத்தக் கொதிப்பு'. இப்போது சிற்றூர்களிலும் 'பி.பி.' என்றாலே எல்லோருக்கும் புரிகிறது. 'கொதிப்பு' என்ற சொல் சினத்தையும் சூட்டையும் நினைவூட்டுவதால், கோபக்காரர்களுக்கும் உடற்சூடு உள்ளவர்களுக்கும் மட்டுமே இது வரும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆங்கிலப் பெயரும் இதற்குச் சளைத்ததன்று. 'ஹைப்பர்டென்ஷன்' என்பதில் உள்ள 'டென்ஷன்' தமனிச் சுவரின் இழுவிசையைக் குறிப்பது. கேட்பவரோ மனக்கவலை என்று பொருள் கொள்கிறார். சாதுவான மனிதர், நிதானமாகப் பேசுபவர், வயலில் நன்கு உழைப்பவர் ஆகியோருக்கும் இந்த நோய் வரும் என்பதை இரண்டு பெயர்களுமே மறைத்துவிடுகின்றன.

இன்னொரு மயக்கமும் உண்டு. தலைவலி, தலைச்சுற்றல், பின்கழுத்து இறுக்கம் வந்தால்தான் அழுத்தம் கூடியிருக்கிறது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இல்லை. 180 இருந்தபடியே களையெடுத்து, சமைத்து, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இருப்பவர்கள் உண்டு. கருவியைத் தவிர வேறு எதுவும் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

அளக்கக் கற்ற கதை

இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் ஓர் ஆங்கிலேயப் பாதிரியார். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் அவர், ஒரு பெண் குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் உயரமான கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் எட்டடிக்கும் மேலே ஏறி நின்றது. இதை அவர் 1733இல் நூலாக வெளியிட்டார். மனிதருக்கு இந்த முறை ஆகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1896இல் இத்தாலியின் டூரின் நகரில் சிப்பியோனே ரிவா-ரோச்சி, மேற்கையைச் சுற்றிக் காற்றுப்பட்டை கட்டி, நாடித்துடிப்பு மறையும் வரை அதை ஊதி, பாதரசத் தம்பத்தின் உயரத்தைக் குறிக்கும் கருவியைச் செய்தார். அதில் மேல் அளவு மட்டுமே தெரிந்தது. 1905இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கொலாய் கொரோட்கோவ் என்ற அறுவை மருத்துவர், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காற்றை இறக்கும்போது முதலில் கேட்கும் தட்டொலி மேல் அளவு, ஒலி மறையும் இடம் கீழ் அளவு. நூறாண்டுக்கு மேலாக உலக மருத்துவர்கள் அனைவரும் கையாண்ட முறை இதுதான். பாதரசத்தைக் குறைப்பதற்காக 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் பாதரசக் கருவிகள் விலகி மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. பாதரசம் போய்விட்டது, அலகில் மட்டும் அதன் பெயர் நிற்கிறது.

'வயசுக்கு இவ்வளவு இருக்கலாம்'

அளக்கத் தெரிந்தது 1905இல். அளந்ததைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. முதுமையில் தமனிகள் தடித்துவிடுவதால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தத்தைத் தள்ள உடலே அழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது, அதில் கை வைக்கக் கூடாது என்பதே பெரிய மருத்துவர்களின் கருத்தாக இருந்தது. அமெரிக்க இதயவியலின் முன்னோடியான பால் டட்லி ஒயிட் 1931இல் எழுதிய பாடநூலிலும் இந்தக் கருத்து இடம்பெற்றது. நூற்றுடன் வயதைக் கூட்டினால் வரும் எண்ணே ஒருவரின் சரியான மேல் அளவு என்ற கணக்கும் இக்காலத்தில்தான் பரவியது. அதன்படி 70 வயதினருக்கு 170 இயல்பு. இந்தக் கணக்கை இன்றும் கிராமங்களில் நம்பிச் சொல்வோர் உண்டு.

இக்கருத்தின் விலையை உலகம் 1945இல் கண்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டுக்குப் பல ஆண்டுகளாக அழுத்தம் ஏறிக்கொண்டே வந்தது. அவருடைய தனி மருத்துவரோ வயதுக்கேற்ற நலத்துடனேயே இருக்கிறார் என்று சொல்லிவந்தார். 1945 ஏப்ரல் 12 அன்று கடும் தலைவலி என்று சொல்லிச் சாய்ந்த அவர் மூளை இரத்தக்கசிவால் இறந்தார். அப்போது அளந்த அழுத்தம் 300/190. வயது 63. உலகின் மிக வலிமையான பதவியில் இருந்தவருக்கும் அன்று கொடுக்கத் தக்க மருந்து இல்லை.

வயது ஏற ஏற அழுத்தமும் ஏறுவது இயற்கை நியதியா என்ற கேள்விக்குத் தெளிவான விடை 1988இல் கிடைத்தது. 'இன்டர்சால்ட்' எனப்பட்ட ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் அழுத்தத்தையும் சிறுநீரில் வெளியேறும் உப்பையும் அளந்தது. இந்தியாவில் லடாக்கும் புதுதில்லியும் அதில் சேர்ந்திருந்தன. அமேசான் காட்டில் உணவில் உப்பே சேர்க்காத யானோமாமி மக்களின் சராசரி மேல் அளவு நூறைக்கூட எட்டவில்லை. வயது கூடியபோதும் அது உயரவில்லை. ஆகவே அழுத்தம் முதுமையின் உடன்பிறப்பு அன்று. நாம் வாழும், உண்ணும் முறையோடு சேர்ந்து வருவது.

சர்ப்பகந்தி

இந்நோய்க்கான முதல் நல்ல மருந்துகளுள் ஒன்று இந்தியாவிலிருந்து போனது. சர்ப்பகந்தி என்ற சிறு செடியின் வேரை மனக்கலக்கம், தூக்கமின்மை, பாம்புக்கடி முதலியவற்றுக்கு இந்திய மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தனர். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் இவ்வேர் உயர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி வேரிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். பம்பாய் மருத்துவர் ரஸ்தம் ஜால் வக்கீல், தம் நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்துக் கண்ட முடிவுகளை 1949இல் பிரித்தானிய இதயவியல் இதழில் வெளியிட்டதும்தான் மேலைநாடுகள் கண்ணைத் திறந்தன. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தது. அமெரிக்காவில் அது பெரும் வரவேற்பைப் பெற்றது. 1957இல் வக்கீலுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. சென்னும் போஸும் இந்திய இதழ் ஒன்றில் எழுதியது பதினெட்டு ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

ரிசர்பைனுக்குக் குறைகளும் உண்டு. மூக்கடைப்பும், கூடுதல் அளவில் மனச்சோர்வும் உண்டாக்கும். 1950களின் இறுதியில் உப்பையும் நீரையும் சிறுநீர்வழி வெளியேற்றும் தயசைடு மாத்திரைகள் வந்தன. இவை விலை மிகக் குறைந்தவை. இன்றும் முதியோருக்குத் தரப்படுபவை.

மருந்தால் உயிர் பிழைக்கிறதா என்பதை எட்வர்டு பிரீஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் சோதித்தன. கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, ரிசர்பைன், ஹைட்ராலசின் ஆகிய மூன்று மருந்துகள். மறுபாதியினருக்கு வெற்று மாத்திரை. 1967இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குக் கடும் கேடுகள் நேர்ந்தன; மருந்து உண்டவர்களில் இருவருக்கு மட்டுமே. இந்த மூன்று மருந்துகளின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்து அவை தமிழகக் கிராமம் ஒன்றுக்கு வந்துசேர்கின்றன.

முதியோரின் செய்தி இன்னும் தாமதமாகத் தீர்ந்தது. அறுபதைக் கடந்து, மேல் அளவு மட்டும் உயர்ந்தவர்களுக்கு மருந்து தந்தால் பக்கவாதம் 36 விழுக்காடு குறைகிறது என்று 1991இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. எண்பதைக் கடந்தவருக்கும் பயன் உண்டு என்பது 2008இல்தான் உறுதியாயிற்று. 'இத்தனை வயசுக்கு மேல் மாத்திரை எதற்கு' என்ற பேச்சுக்கு அறிவியலின் பதில் வந்து இன்னும் இருபது ஆண்டுகூட ஆகவில்லை.

முதியோர் உடலில் அது செய்வது

இளமையில் தமனி ரப்பர்க்குழாய்போல விரிந்து சுருங்கும். வயதானால் விறைத்துவிடும். அதனால் இதயம் சுருங்கும்போது மேல் அளவு எகிறுகிறது. விரியும்போது கீழ் அளவு தாழ்கிறது. 170/75 என்பது முதியோரிடம் அடிக்கடி காணும் அளவு. கீழ் அளவு சரியாக இருக்கிறதே என்று இதை விட்டுவிடுவது தவறு. அறுபதுக்கு மேல் கேட்டை முன்னறிவிப்பது மேல் அளவே.

பத்து லட்சம் பேரின் விவரங்களைத் திரட்டி 2002இல் வெளியான ஆய்வொன்றின்படி, நடுவயதினரிடம் மேல் அளவு 115க்கு மேல் ஒவ்வொரு 20 கூடும்போதும் பக்கவாதத்தால் இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேலாகிறது. முதியோரிடம் இந்த விகிதம் சற்றுக் குறைவு. ஆனால் அவர்களிடம் பக்கவாதமே அதிகம் என்பதால், எண்ணிக்கையில் பார்த்தால் இழப்பு அவர்களுக்கே கூடுதல்.

பக்கவாதம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. கைகால் இழுத்துக்கொண்டு, வாய் கோணிப் படுத்தவரை ஊரே பார்க்கிறது. தெரியாமல் நடப்பவை வேறு. இதயத்தின் இடக்கீழறைச் சுவர் தடித்து, நாளடைவில் களைத்து, மூச்சிரைப்பும் கால்வீக்கமும் வரும். சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் ஒவ்வொன்றாகக் கெடும். பெரும்பகுதி போகும் வரை நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. விழித்திரையில் நுண்குழாய்கள் கசியும். மூளைக்குள் கடுகளவு அடைப்புகள் பல சேர்ந்து நினைவு மங்கும். 'வயசாயிடுச்சு, மறந்துபோறாங்க' என்று வீட்டார் சொல்வதில் ஒரு பங்கு இதுவாக இருக்கக்கூடும்.

கிராமத்து முதியோருக்கென்றே சில இடர்கள் உண்டு. முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றுவதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன. வயல்வேலை செய்து தேய்ந்த மூட்டுகளுக்கு இவற்றை நாள்தோறும் உண்பவர் பலர். மறுபக்கம், மருந்தின் அளவு கூடினால் படுக்கையிலிருந்து எழும்போது அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும். இரவில் கொல்லைப்புறம் போகும் மூதாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் உண்டு. எனவே முதியோருக்கு உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளந்து பார்த்து, மருந்தை மெல்லக் கூட்டுவது மருத்துவ முறை.

கிராமத்துக்கென அமைந்த சுகாதார முறை

இந்தியாவில் பொதுச் சுகாதாரத்துக்கெனச் சட்டம் முதலில் இயற்றியது சென்னை மாகாணம், ஆண்டு 1939. காலரா, பெரியம்மை, மலேரியா, பேறுகால மரணம் ஆகியவையே அன்றைய பகைவர்கள். விடுதலைக்குப் பின் எழுந்த ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை மையங்களும் கிராம சுகாதார செவிலியர்களும் தாய்க்கும் சேய்க்கும் உரியனவாகவே வளர்ந்தன. அந்தப் பணியில் தமிழகம் பெற்ற வெற்றி பெரிது. ஆனால் அந்த அமைப்பின் கண்ணில் அறுபது வயதுக்காரர் படவில்லை. கருவுற்ற பெண்ணின் அழுத்தத்தை மாதம் தவறாமல் அளந்த செவிலியர், அதே திண்ணையில் அமர்ந்திருந்த மாமியாரின் கையில் பட்டையைக் கட்டியதில்லை. அது அவர் குறையன்று. அவருடைய பதிவேட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

மருந்து வாங்கும் முறை 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தால் சீரடைந்தது. மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பும் இம்முறையைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. மாதந்தோறும் லட்சக்கணக்கானோருக்கு மாத்திரை தரும் பிற்காலத் திட்டங்களுக்கு இதுவே அடித்தளம்.

மருத்துவர் மணியின் முயற்சி

சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். 1991இல் பத்மபூஷண் பெற்றவர். சிறுநீரகம் செயலிழந்த ஏழைக்கு டயாலிசிஸும் மாற்று அறுவையும் எட்டாக்கனி என்பதை நாள்தோறும் கண்டவர் அவர். கெட்ட பின் காக்க வழியில்லை என்றால் கெடுமுன் காக்க வேண்டும். சிறுநீரகத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும். இந்த எளிய கணக்கில் சென்னையின் 'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்' 1990களில் நகருக்கு வெளியே உள்ள கிராமங்களில் வேலை தொடங்கியது.

அதன் முறை குறிப்பிடத்தக்கது. உயர்நிலைப் பள்ளி வரை படித்த உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரத்த அழுத்தம் அளக்கவும், சிறுநீரில் புரதத்தையும் சர்க்கரையையும் கண்டறியவும் பயிற்றினர். புரதத்துக்கு சல்போசாலிசிலிக் அமிலம், சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல். பள்ளி ஆய்வகத்தில் மாணவர்கள் பார்த்த அதே சோதனைகள்தாம். வீடு வீடாகச் சென்று ஏறத்தாழ 25,000 பேர் கொண்ட மக்கள்தொகை முழுவதையும் சோதித்தனர். குறை காணப்பட்டவர்களை மருத்துவர் பார்த்தார். அழுத்தத்துக்குத் தரப்பட்டவை ரிசர்பைன், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ராலசின். ஆம், 1967ஆம் ஆண்டு ஆய்வின் அதே மூன்று. நகரத்து மருத்துவமனைகள் கைவிட்ட பழைய மருந்துகளை அவர் தேர்ந்ததற்குக் காரணம் அவற்றின் விலை.

ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ கால் டாலர் மட்டுமே செலவாயிற்று. மருந்து எடுத்துக்கொண்ட உயர் அழுத்தக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கு அழுத்தம் 140/90க்குள் வந்தது என்று அவர் பன்னாட்டுச் சிறுநீரகவியல் இதழில் எழுதினார். பணக்கார நாடுகள் அன்று கண்டிராத அளவு இது. திட்டம் நடந்த பகுதியில், புதிதாகச் சேர்க்கப்பட்ட அண்டைப் பகுதியைவிடச் சிறுநீரகக் குறைவு உள்ளவர்கள் குறைவாக இருந்ததும் பின்னர்த் தெரிந்தது.

ஒரு சிறு பகுதியில் ஓர் அறக்கட்டளையால் முடிந்ததை மாநிலம் முழுவதும் செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி. ஆனால் கிராமத்து மனிதர் ஒழுங்காக மாத்திரை உண்ணமாட்டார், அறிகுறியில்லாத நோய்க்கு மருந்தை நிறுத்திவிடுவார் என்ற வாதத்துக்கு இது விடை சொன்னது. கொண்டுபோய்க் கொடுத்து, மறுபடி போய் அளந்தால் உண்கிறார்கள்.

மாவட்டங்களில் வெள்ளோட்டம்

உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின்கீழ் 2007இல் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் இதயநோய்த் தடுப்புக்கான வெள்ளோட்டம் தொடங்கியது. அரசு மருத்துவமனைக்கு வேறு எதற்காக வந்தாலும் 30 வயதைக் கடந்தவர்களுக்கு அழுத்தம் அளக்கப்பட்டது. 2012 முதல் இத்திட்டம் நீரிழிவு, புற்றுநோய்ச் சோதனைகளுடன் சேர்ந்து பிற மாவட்டங்களுக்கும் படிப்படியாகப் பரவியது. தொற்றா நோய்க்கெனத் தனிச் செவிலியர், தனி அட்டை, மாதத்துக்கான மாத்திரை என்று ஓர் ஒழுங்கு உருவானது.

இதன் குறை இடத்தில் இருந்தது. வருபவருக்குத்தான் கிடைத்தது. மாத்திரைக்காக மாதம் ஒருநாள் கூலியை விட வேண்டும். பேருந்து இல்லாத ஊரிலிருந்து நடக்க வேண்டும். தனியே வர முடியாத முதியவருக்கு ஒருவர் துணை வர வேண்டும், அவருக்கும் அன்று கூலி போகும். இலவச மருந்தின் விலை இப்படித்தான் ஏறிற்று. உடம்பில் நோவும் இல்லாததால் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவது இயல்பே.

2020இல் தமிழக அரசு நடத்திய 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பு இந்நிலையை எண்ணில் காட்டியது. 18 முதல் 69 வயது வரையுள்ளோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு. மருத்துவ உலகில் 'பாதி விதி' என்று ஒன்று சொல்வார்கள்: நோயுள்ளவரில் பாதிப் பேருக்குத்தான் அது தெரியும், தெரிந்தவரில் பாதிப் பேர் மருந்து எடுப்பர், எடுப்பவரில் பாதிப் பேருக்குத்தான் கட்டுப்படும். மொத்தத்தில் எட்டில் ஒருவர். தமிழகம் அந்த எட்டில் ஒன்றைக்கூட எட்டவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம்

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கொரோனாவால் மருத்துவமனைக்குப் போக அஞ்சியும் முடியாமலும் மருந்தை நிறுத்தியவர்கள் மிகுந்திருந்த நேரம் அது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் அளக்கின்றனர். ஏற்கெனவே நோயுள்ளவருக்கு மாதத்துக்கான மாத்திரையைக் கையில் தருகின்றனர். பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கு இயன்முறை மருத்துவரும், படுக்கையில் உள்ளவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் வருகின்றனர். 2023இல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கு முதல் மாத்திரைகளைத் தரும் 'இதயம் காப்போம்' திட்டமும் சேர்ந்தது. தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் குழுவின் விருது 2024இல் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

அடுத்த 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில் அழுத்தம் கட்டுக்குள் உள்ளவர்களின் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து சுமார் 17 விழுக்காட்டுக்கு வந்தது. நல்ல ஏற்றம்தான். ஆறில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுப்படவில்லை என்பதும் அதே எண்தான் சொல்கிறது.

மணியின் கிராமங்களிலும் சரி, இத்திட்டத்திலும் சரி, கருவியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தவர்கள் ஊர்ப் பெண்களே. தன்னார்வலர்களுக்குக் கிடைப்பது ஊதியம் அன்று, ஊக்கத்தொகை. இத்தனை பெரிய அமைப்பு அவர்கள்மீது நிற்கும்போது இது நெடுங்காலம் தாங்குமா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

விருத்தாசலம் வட்டாரம்

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலத்துக்கு முதுகுன்றம், பழமலை என்றும் பெயர்கள் உண்டு. விருத்தம் என்றாலே முதுமை. பெயரிலேயே முதுமையைச் சுமக்கும் ஊர் என்றாலும் வெளியூராருக்கு இது பீங்கான் ஊர். அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் தொழிற்பேட்டையும் இங்கே உள்ளன; அகல்விளக்கு, பொம்மை, மின்சாரப் பியூஸ் கட்டை முதலியவை சூளைகளில் வேகின்றன. சுற்றிலும் முந்திரி, நிலக்கடலை, நெல், கரும்பு. சூளையின் அனலிலும் முந்திரிக்காட்டு வெயிலிலும் வேர்த்து வேலை செய்தவர்கள் இவ்வட்டாரத்து முதியோர்.

'வேர்வை சிந்துகிறவனுக்கு உப்பு வேண்டும்' என்ற நம்பிக்கை இப்படிப்பட்ட ஊர்களில் ஆழமானது. அதில் ஓரளவு உண்மை உண்டு. கடும் வெயிலில் உழைக்கும் நாளில் உப்பு வெளியேறுகிறது. ஆனால் உடம்பு வெயிலுக்குப் பழகியதும் வேர்வையில் போகும் உப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது. வேலையை விட்டுத் திண்ணையில் அமர்ந்த பிறகும் உழைத்த காலத்து உப்பே தட்டில் தொடர்வதுதான் சிக்கல். பழைய சோற்றுக்கு ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு. குழம்பில் இட்ட உப்பு போதாதென்று அப்பளம், வடகம். பல் போன முதியவருக்குக் காய்கறி மெல்ல முடியாததால் சோறும் ஊறுகாயுமே உணவாகிவிடுவதும் உண்டு.

இங்கேயும் திட்டத்தின் கை எட்டாத ஒரு கூட்டம் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் முந்திரிக்கொட்டை பொறுக்க விடியுமுன் போகிறவர், வெளியூர்ச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர் ஆகியோர் தன்னார்வலர் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பதில்லை. பக்கவாதம் வந்தால் முதல் நாலரை மணி நேரத்துக்குள் மட்டுமே இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பயன்படும். உள்ளடங்கிய சிற்றூரில் ஒருவர் காலையில் கைகால் அசையாமல் எழுந்தால், எப்போது வந்தது என்பதே தெரியாத நிலையில், சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ புதுச்சேரிக்கோ போய்ச் சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடுகிறது.

உப்பை மாற்றுதல்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்னும் நாட்டில் உப்பைக் குறை என்ற அறிவுரை எளிதில் இறங்காது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. இந்தியர் உண்பது அதைவிடக் கணிசமாக அதிகம். 1940களில் அமெரிக்காவில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், வேறு மருந்தில்லாத அந்தக் காலத்தில், நோயாளிகளுக்கு உப்பில்லாத அரிசிச் சோறும் பழமும் மட்டும் கொடுத்துக் கடும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினார். சோறு குற்றவாளியன்று, கூட வரும் உப்புதான் என்பது அப்போதே தெரிந்தது. ஆனால் அவருடைய உணவை நெடுநாள் உண்ண யாராலும் முடியவில்லை.

அண்மைக்கால வழி வேறு: உப்பைக் குறைக்கச் சொல்லாமல் உப்பையே மாற்றுவது. சீனாவில் 600 கிராமங்களில், முன்பு பக்கவாதம் வந்தவர்களும் அழுத்தம் உயர்ந்த அறுபது வயதைக் கடந்தவர்களுமாக ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. பாதிக் கிராமங்களில் நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு கொடுக்கப்பட்டது. சமையலில் வேறு மாற்றம் எதுவும் இல்லை. பக்கவாதம் 14 விழுக்காடும் இறப்பு 12 விழுக்காடும் குறைந்தன. தமிழ்நாடு உப்புக் கழகம் 2014இலேயே 'அம்மா உப்பு' வரிசையில் குறை சோடியம் உப்பு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. ஆனால் வரிசையில் அதுவே விலை கூடியது. கிராமத்து அடுப்படியில் வாங்கப்படுவது விலை குறைந்த உப்பு.

உலகச் சுகாதார நிறுவனம் 2025 சனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் வீட்டுச் சமையலுக்கு இத்தகைய உப்பைப் பரிந்துரைத்தது. ஆனால் கருவுற்ற பெண்கள், குழந்தைகள், சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் ஆகியோரை அதிலிருந்து விலக்கியது. பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாத சிறுநீரகத்துக்கு அது ஆபத்து. ஆகவே இந்த உப்பைக் கிராமத்துக்குக் கொண்டுபோகுமுன் ஒவ்வொரு முதியவரின் சிறுநீரகமும் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கான முதல் படி, மணியின் கிராமத்துப் பெண்கள் சோதனைக்குழாயில் சில சொட்டு அமிலம் விட்டுப் பார்த்த அந்தச் சோதனையே.